பியானோ வேண்டாம், ஆர்கன் பாருங்கள்

கேள்வி: உலகப் போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில், கிராமத்து மாளிகையில் பியானோ, காதல், இழப்பு என்று வாழ்ந்த இசைக் குடும்பம் நிஜத்தில் உண்டா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பியானோவை விடவே மாட்டீர்களா! மாளிகை என்றாலே தொடர்கதைக்காரர்கள் ஒரு பியானோவை ஜன்னலோரம் உருட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஈரக்காற்றில் அதன் ஒலிப்பலகை உப்பிச் சுருதி ஏறும். கணப்பு மூட்டினால் சுருங்கிச் சுருதி இறங்கும், போகப்போகப் பிளக்கும். பட்டாளம் தங்கிப் போன, கூரை ஒழுகும் வீட்டில் கதாநாயகி தூசி தட்டி உட்கார்ந்ததும் சுத்தமாக மொஸார்ட்டின் இசை கிளம்புகிறது. சுருதி சேர்க்கும் ட்யூனர் எந்த ரயிலில் வந்தார் என்று ஒருவரும் எழுதுவதில்லை. நானும் கேட்டு அலுத்துவிட்டேன்.

நிஜம் வேண்டுமென்றால் தென் இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸில் க்ளைண்ட்போர்ன் மாளிகை. அதன் சொந்தக்காரர் ஜான் கிறிஸ்டிக்கு ஆர்கன் பித்து; குழல்களில் காற்றை ஊதி ஒலிக்கும் பெரிய வாத்தியம் அது. ஆர்கன் செய்யும் கம்பெனியையே வாங்கியவர். வீட்டிலும் பெரிதாக ஒன்று வைத்தார். பராமரிப்பில் அது பியானோவுக்கு அண்ணன். வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் ஏறினால் சாதாரணக் குழல்களின் சுருதி அரைஸ்வரத்தில் சுமார் 3 சதவீதம் ஏறும்; நாக்கு வைத்த குழல்கள் அநேகமாக அசையாது. கச்சேரி நேரத்து வெப்பத்திலேயே சுருதி சேர்க்காவிட்டால் இரண்டும் அடித்துக்கொள்ளும்.

1944 ஜூன் 18 அன்று லண்டனில் ராணுவத்தினரின் தேவாலயமான கார்ட்ஸ் சேப்பலில் ஜெர்மானியப் பறக்கும் குண்டு விழுந்தது. அதைத் திரும்பக் கட்டியபோது கிறிஸ்டி தன் ஆர்கனின் குழல்களையும் உள்பாகங்களையும் கொடுத்துவிட்டார். வீட்டில் மிஞ்சியது வெளிக்கூடு.

காதலா? 1931-ல், 48 வயதில், ஆட்ரி மில்ட்மே என்ற பாடகியை மணந்தார். 1934-ல் வீட்டோடு 300 பேர் உட்காரும் அரங்கு. முதல் நாள் மொஸார்ட்டின் ‘ஃபிகரோவின் திருமணம்’ என்ற ஓபரா, அதாவது பாடியே நடிக்கும் நாடகம்; அதில் சுசன்னா என்ற பாத்திரமாகப் பாடியது ஆட்ரி. போர் வந்ததும் குழந்தைகளோடு கனடா போனார். வீட்டில் லண்டனிலிருந்து வந்த சிறு பிள்ளைகளைத் தங்கவைத்தார்கள். 1946-ல் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் எழுதிய ‘லுக்ரீஷியா’ ஓபரா இங்கேதான் அரங்கேறியது. பாடகி காத்லீன் ஃபெரியர் முதன்முதலாக ஓபரா மேடை ஏறியதும் அதில்தான். ஆட்ரி, ஃபெரியர் இருவரும் 1953-லேயே இறந்துபோய்விட்டார்கள்.

இறந்தவர் விட்டுப்போன சொத்துக்கு விதிக்கும் மரண வரி 80 சதவீதம் வரை எட்டிய காலம். பல குடும்பங்கள் மாளிகையை இடித்துச் சாமான்களை விற்றன. கிறிஸ்டி வீட்டார் 1954-ல் ட்ரஸ்ட் அமைத்து ஓபராவைக் காப்பாற்றினார்கள். மகன் ஜார்ஜும் இடித்தார்தான், அப்பாவின் அரங்கை! 1994 மே 28-ல் புதிய அரங்கைத் திறந்தார். முதல் அரங்கு திறந்ததும் அதே தேதிதான். பாடியது? மறுபடியும் ஃபிகரோ.