எட்டில் ஆறு பெண் மரம்: கன்று விற்றவர் சொன்னது மெய்தானா?

கேள்வி: ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தென்னைக்கு ஊடுபயிராக எட்டு மூடு ஜாதிக்காய்க் கன்று நட்டேன். இலையைப் பார்த்தே பெண் கன்றைப் பொறுக்கித் தருவேன், நூற்றுக்குத் தொண்ணூறு தப்பாது என்று விற்றவர் சொன்னார். இப்போது ஆறு மூடு பெண், இரண்டு ஆண். அவரை நம்பி இன்னும் முப்பது கன்று வாங்கலாமா?
- வாசகர், குலசேகரம்

பதில்: வாங்க வேண்டாம். அவர் பொய் சொன்னார் என்பதற்காக அன்று. அவர் சொன்னது மெய்யா பொய்யா என்று உங்கள் எட்டு மரங்களால் சொல்ல முடியாது என்பதற்காக.

ஜாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு; காய்ப்பது பெண் மரம்தான். விதை போட்டு வளர்த்தால் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சரிபாதியாக வரும். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் எட்டில் நான்கு பெண் கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம். எட்டு நாணயங்களைச் சுண்டினால் அவை விழக்கூடிய விதங்கள் 256. அவற்றுள் ஆறு தலையாக விழுபவை 28, ஏழு தலை 8, எட்டும் தலை 1, ஆக 37. அதாவது, இலையைப் பற்றி எதுவுமே அறியாத ஒருவர் கொடுத்தாலும் நூறு தோட்டங்களில் பதினான்கில் ஆறோ அதற்கு மேலோ பெண் மரம் நின்றிருக்கும். மறுபக்கம், அவர் சொன்ன தொண்ணூறு மெய்யாகவே இருந்தாலும், நூற்றில் சுமார் பத்தொன்பது தோட்டங்களில் ஆறோ அதற்குக் குறைவாகவோதான் பெண் வந்திருக்கும். இரண்டு கதைக்கும் உங்கள் கணக்கு ஒத்துப்போகிறது.

எட்டுக்குப் பதில் இருபது மரமாக இருந்து, பதினைந்துக்குக் குறையாமல் பெண் வந்தால்தான் ஏற்பது என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தால் நிலைமை வேறு. குருட்டுத்தனமாகப் பொறுக்கியவர் அந்த வரம்பை நூற்றில் இரண்டு முறைதான் தாண்டுவார். தொண்ணூறு தேறும் திறமையுள்ளவரோ தொண்ணூற்றொன்பது முறை தாண்டுவார். வரம்பைப் பூத்த பிறகு வைத்தால் இந்தக் கணக்கு செல்லாது. பூக்கும் முன் பட்டுப்போன கன்றுகளைப் பெண் என்று சேர்த்துக்கொள்ளவும் கூடாது. பூவைக் கீறி, சூலகம் இருக்கிறதா என்று மரம் மரமாகப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஜாதிக்காய் பூக்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். ஒருவர் வாய்ச்சொல்லைச் சோதிப்பதற்காக அத்தனை காலம் உரமும் தண்ணீரும் கொடுத்துக் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மற்றவர்கள் தோட்டத்தில் நன்றாக வந்திருக்கிறதே என்று அவர் காட்டினாலும், தவறிப்போன ஆண் மரங்களைப் பலர் ஏற்கெனவே வெட்டியிருப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

காய்த்து நிற்கும் பெண் மரத்திலிருந்து எடுத்த ஒட்டுக் கன்று பெண்ணாகவே வரும். இலை பார்க்கும் வேலையே அதில் இல்லை. முப்பதையும் ஒட்டுக் கன்றாக வாங்குங்கள், எந்தத் தாய்மரத்தின் ஒட்டு என்று கேட்டு, முடிந்தால் அந்த மரத்தை நேரில் பார்த்துவிட்டு வாங்குங்கள். உங்களிடம் நிற்கும் இரண்டு ஆண் மரங்களையும் வெட்டிவிடாதீர்கள். பத்துப் பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் என்பது வழக்கமான கணக்கு. புதிய முப்பதும் பூக்கத் தொடங்கும்போது அவை இரண்டுமே தேவைப்படும்.