வார்சா கெட்டோவில் எதிர்ப்பு

கேள்வி: கெட்டோக்களில், அதாவது நாஜிகள் யூதர்களைத் தனிமைப்படுத்திய நகரப் பகுதிகளில், இலட்சக்கணக்கில் அடைக்கப்பட்ட யூதர்கள் எதிர்ப்புக் காட்டாமல் நாஜிகளுக்குப் பணிந்துபோனது ஏன்?

பதில்: பணிந்துபோனார்கள் என்ற முடிவுக்கு வருமுன், அவர்கள் வைக்கப்பட்டிருந்த நிலையைப் பார்க்க வேண்டும். போலந்தின் தலைநகரான வார்சாவில் 1940 நவம்பரில் மூடப்பட்ட கெட்டோவில், ஏறத்தாழ 3.4 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள், 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் சுவரெழுப்பி அடைக்கப்பட்டனர். அவர்களுக்கான ரேஷன் உணவு சில காலங்களில் நாளொன்றுக்கு 200 கலோரியைக்கூட எட்டவில்லை. பசியாலும் டைபஸ் காய்ச்சலாலும் 1942ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் 80,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒருவர் எதிர்த்தால் பலரைச் சுட்டுக்கொல்வது நாஜிகளின் வழக்கமாக இருந்ததால், முதியோரையும் குழந்தைகளையும் உடன் வைத்திருந்தவர்கள் ஆயுதம் ஏந்தத் தயங்கியதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த நிலையிலும் சிறுவர்கள் சுவரின் துளைகள் வழியே நுழைந்து வெளியேறி, உயிரைப் பணயம் வைத்து ரொட்டியும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்து குடும்பங்களைக் காத்தனர். பள்ளிகள் தடைசெய்யப்பட்டபோது இலவச உணவுக்கூடங்களின் மறைவில் பாடம் நடந்தது. தாங்களே பட்டினி கிடந்த மருத்துவர்கள், பட்டினி உடலை எப்படி அழிக்கிறது என்பதை நோயாளிகளிடம் முறையாக ஆராய்ந்து எழுதினர். கடத்தி வெளியே அனுப்பப்பட்ட அக்குறிப்புகள் போருக்குப் பின் நூலாயின. இவற்றை எதிர்ப்பென்று கருதாமல் வேறு எதை எதிர்ப்பென்பது?

1942 ஜூலை 22 அன்று தொடங்கிய நாடுகடத்தலில், இரண்டு மாதங்களுக்குள் சுமார் 2,65,000 பேர் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். அது தொடங்கிய மறுநாளே, நாஜிகளின் ஆணைப்படி கெட்டோவை நிர்வகித்த யூதர் மன்றத்தின் தலைவர் ஆதாம் செர்னியாகுவ் தற்கொலை செய்துகொண்டார். எஞ்சியவர்களில் சில நூறு இளைஞர்கள், கைத்துப்பாக்கிகளும் கையால் செய்த குண்டுகளுமாக, 1943 ஏப்ரல் 19 முதல் ஏறக்குறைய ஒரு மாதம் ஜெர்மானியப் படையை எதிர்த்து நின்றனர். அவர்களை வெல்ல ஜெர்மானியர்கள் கட்டடம் கட்டடமாகத் தீவைக்க வேண்டியிருந்தது.

கேள்வி: கெட்டோவின் அன்றாட வாழ்க்கை நமக்கு இவ்வளவு விரிவாகத் தெரிந்தது எப்படி?

பதில்: வரலாற்றாய்வாளர் இமானுவேல் ரிங்கெல்ப்ளூம் தலைமையில், 'ஓனெக் ஷபாத்' என்ற இரகசியக் குழு நாட்குறிப்புகள், நாஜி ஆணைகள், சிறுவர்களின் கட்டுரைகள், மிட்டாய் உறைகள், டிராம் பயணச்சீட்டுகள் என அனைத்தையும் திரட்டியது. கொலைமுகாம்களிலிருந்து தப்பி வந்தோரின் வாக்குமூலங்களையும் பதிவுசெய்து, கொலைகள் பற்றிய செய்தியை வெளியுலகுக்கு அனுப்பியது. திரட்டியவை 1942 ஆகஸ்டில் தகரப் பெட்டிகளிலும், 1943 தொடக்கத்தில் பால் கேன்களிலும் அடைக்கப்பட்டு, நோவோலிப்கி தெருக் கட்டடமொன்றின் அடியில் புதைக்கப்பட்டன.

ரிங்கெல்ப்ளூம் 1944 மார்ச்சில் மனைவி, மகனுடன் கொல்லப்பட்டார். குழுவில் உயிர்பிழைத்த மூவரில் ஒருவரான ஹெர்ஷ் வாசர் வழிகாட்ட, 1946 செப்டம்பரில் தகரப் பெட்டிகள் இடிபாடுகளுக்கடியிலிருந்து எடுக்கப்பட்டன. நீர் புகுந்து பல தாள்கள் சேதமடைந்திருந்தன. பால் கேன்கள் 1950 டிசம்பரில் கிடைத்தன. வேறோர் இடத்தில் புதைக்கப்பட்டதாகக் கருதப்படும் மூன்றாவது தொகுதி கிடைக்கவேயில்லை. மீண்ட சுமார் 35,000 பக்கங்கள் இன்று வார்சாவின் யூத வரலாற்று நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன.