பத்து நிமிட வெல்டிங்குக்கு ஒரு மணி நேரக் காவலா?

கேள்வி: எங்கள் கிடங்கில் ரேக் பொருத்த வெளியிலிருந்து வெல்டிங் ஆட்கள் வருகிறார்கள். பக்கத்தில் தீயணைப்பான் வைத்துவிடுகிறோம். ஆனால் மேலாளர், பெர்மிட் (வெல்டிங்குக்கான எழுத்து அனுமதி) எழுது, வேலை முடிந்த பிறகும் தீப்பிடிக்கிறதா என்று பார்க்க ஒரு மணி நேரம் ஆளை நிறுத்து என்கிறார். பத்து நிமிட வேலைக்கு இவ்வளவு தேவையா?

பதில்: கட்டாயம் தேவை. "சட்டுன்னு முடிச்சிடலாம்" என்று ஆரம்பிக்கிற வேலையில்தான் யாரும் சுற்றிமுற்றிப் பார்ப்பதில்லை. கண்ணெதிரே பற்றுகிற தீயை யாராவது அணைத்துவிடுவார்கள். அட்டைப்பெட்டி இடுக்கிலோ தரை விரிசலிலோ உருண்டு விழுந்த ஒரு பொறி, புகைகூடச் சரியாகத் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருந்து, எல்லோரும் பூட்டிவிட்டுப் போன பிறகு பிடித்துக்கொள்ளும், அதுதான் ஆபத்து. அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் (என்எஃப்பிஏ) 51பி தரநிலை முன்பு அரை மணி நேரக் காவல் போதும் என்றது. 2019 பதிப்பில் அதை ஒரு மணி நேரமாக்கிவிட்டார்கள்.

இன்னொன்று, தீ வெல்டிங் நடக்கிற இடத்திலேயே பிடிக்கும் என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியின் டுசல்டார்ஃப் விமான நிலையத்தில் 1996-இல் வெல்டிங் நடந்தது மேலே, சாலையில். பொறி விழுந்து பற்றியது கீழே கூரைக்குள் இருந்த பாலிஸ்டைரீன் (தெர்மாகோல் வகை) பலகையில். 17 பேர் இறந்தார்கள். அதனால் சுற்றிலும் 11 மீட்டருக்குள் எரியக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது, நகர்த்த முடியாததைத் தீப்பிடிக்காத வெல்டிங் போர்வையால் மூட வேண்டும் (சாதாரணத் தார்ப்பாய் வேண்டாம், அதுவே எரியும்). சுவரின் மறுபக்கத்தையும் கீழ்த்தளத்தையும் போய்ப் பாருங்கள், இரும்புச் சட்டம் வழியாகவே சூடு அந்தப் பக்கம் போய்விடும்.

பெர்மிட்டை மேஜையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால் அது வெறும் தாள்தான். எழுதுகிறவர் அந்த இடத்துக்கு நடந்து போய்ப் பார்த்துவிட்டு எழுத வேண்டும். காவலுக்கு நிற்பவருக்கும் வேறு வேலை கொடுக்காதீர்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கும் உதவியாளர் காவலாள் ஆக முடியாது. தீயணைப்பானை இயக்கத் தெரிந்தவராக இருக்கட்டும், அலாரம் எங்கே என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

அப்புறம், முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான்: அந்த ரேக்கை போல்ட் போட்டு முடுக்க முடியாதா? முடியுமென்றால் வெல்டிங்கே வேண்டாம்.

கேள்வி: காலியான தின்னர் டிரம்மை கேஸ் கட்டரால் வெட்டலாமா? தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டோம்.

பதில்: வேண்டவே வேண்டாம். தண்ணீர் விட்டு அலசினால் மட்டும் போதாது, மடிப்பில் தங்கியிருக்கிற துளி தின்னர் சூடு பட்டதும் ஆவியாகி டிரம்மே வெடிக்கும். முறைப்படி சுத்தம் செய்து, உள்ளே எரியும் ஆவி இல்லை என்று அதைக் கண்டறியும் கேஸ் மீட்டர் கருவி வைத்து உறுதி செய்யாமல் கட்டரைப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள்.