எம்.சி.ஏ. படித்தவர் கம்யூனிட்டி காலேஜில் கணக்கு எடுக்கலாமா?

கேள்வி: தமிழ்நாட்டில் பி.எஸ்சி. கணிதமும் பிறகு மூன்று வருட எம்.சி.ஏ.வும் முடித்தேன். சென்னையில் 4 வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் வேலை. கல்யாணமாகி கலிஃபோர்னியா வந்துவிட்டேன். எச்-1பி விசாக்காரரின் துணைக்குக் கொடுக்கும் எச்-4 விசாவில் இருக்கிறேன். வேலை செய்ய அனுமதிக்கும் அட்டையான இஏடி கைக்கு வந்திருக்கிறது. பையனும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் இங்குள்ள இரண்டு வருடக் கம்யூனிட்டி காலேஜில் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆசை. ஊரில் டியூஷன் எடுத்த பழக்கம் உண்டு. பிஎச்.டி. இல்லாமல் முடியாது என்கிறார் ஒருவர். டீச்சிங் கிரெடென்ஷியல் என்ற ஆசிரியர் உரிமச் சான்று வேண்டும் என்கிறார் இன்னொருவர். இந்தியப் பட்டம் செல்லாது, இங்கே இன்னொரு மாஸ்டர்ஸ் படித்துவிடு என்கிறார் கணவர். யார் சொல்வது சரி? இந்த வேலையை நம்பி வீட்டுச் செலவைத் திட்டமிடலாமா?
- பெயர் வேண்டாம், ஃப்ரீமாண்ட்

பதில்: மூன்று பேர் சொல்வதும் சரியில்லை. அதற்காக உங்கள் ஆசை அப்படியே நேராக நிறைவேறிவிடும் என்றும் சொல்ல முடியாது. கணக்கு வாசலில் உங்களுக்கு ஒரு தடங்கல் இருக்கிறது. பக்கத்தில் கம்ப்யூட்டர் வாசல் கிட்டத்தட்டத் திறந்தே கிடக்கிறது. அதை நீங்கள் கவனிக்கவே இல்லை.

முதலில் கிரெடென்ஷியல். கலிஃபோர்னியாவில் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு அது கட்டாயம். கம்யூனிட்டி காலேஜுக்கும் ஒரு காலத்தில் தனியாக ஒன்று இருந்தது. 1988-இல் வந்த ஒரு சட்டம் அதை எடுத்துவிட்டு, 1990-இலிருந்து ‘குறைந்தபட்சத் தகுதி’ என்ற முறையைக் கொண்டுவந்தது. உங்களுக்கு யோசனை சொன்னவர் பள்ளிக்கூட விதியைக் காலேஜோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டிருக்கிறார். பிஎச்.டி.யும் தேவையில்லை. நான்கு வருடப் பல்கலைக்கழகங்களில் அது பேசும். இங்கே இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குறை இல்லை.

மாநிலத்தில் உள்ள 116 கம்யூனிட்டி காலேஜ்களுக்கும் ஒரே தகுதிப் பட்டியல்தான். எந்தப் பாடப்பிரிவுக்கு எந்தப் பட்டம் என்று அதில் வரிவரியாகப் போட்டிருக்கிறது. முழுநேரத்துக்கும் பகுதிநேரத்துக்கும் அதே தகுதி. வாரத்தில் ஒரே ஒரு வகுப்புதான் எடுக்கப்போகிறேன் என்றாலும் தள்ளுபடி கிடையாது. கணிதத்துக்கு அந்தப் பட்டியல் கேட்பது இது: கணிதத்திலோ பயன்பாட்டுக் கணிதத்திலோ முதுகலை. இல்லையென்றால், அவற்றில் ஒன்றில் இளங்கலையும், கூடவே புள்ளியியல், இயற்பியல், கணிதக் கல்வி இவற்றில் ஒன்றில் முதுகலையும். உங்கள் பி.எஸ்சி. இரண்டாவது வழியில் முதல் பாதியைக் கடந்துவிடுகிறது. எம்.சி.ஏ. மறுபாதியில் மாட்டிக்கொள்கிறது.

இப்போது அதே பட்டியலில் கம்ப்யூட்டர் சயன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். கம்ப்யூட்டர் சயன்ஸ் அல்லது கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்கில் முதுகலை என்பது முதல் வழி. அதற்குக் கீழே பல சேர்க்கைகள் வருகின்றன. கணிதத்தில் இளங்கலை, இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் வகையில் முதுகலை என்பதும் அவற்றில் ஒன்று. உங்கள் எம்.சி.ஏ.வை இங்கே எந்தப் பெயரில் மதிப்பிடுகிறார்கள் என்பதைப் பொறுத்து, நீங்கள் நேராகவே தகுதி பெற வாய்ப்பு இருக்கிறது. அதுவும் இடறினால், கம்ப்யூட்டர் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் என்று இன்னொரு பிரிவு உண்டு. அது முதுகலை கேட்காத பிரிவுகளில் ஒன்று. ஏதாவது ஒரு இளங்கலையும் அந்தத் துறையில் 2 வருடப் பணி அனுபவமும் போதும். நீங்கள் 4 வருடம் டெஸ்டிங்கில் இருந்திருக்கிறீர்கள்.

ஆகவே முதல் வேலை, பட்டங்களை மதிப்பிட வைப்பது. இந்தியப் பட்டம் செல்லாது என்று கணவர் சொல்வது தப்பு. மதிப்பீட்டு அறிக்கை இல்லாத இந்தியப் பட்டம்தான் செல்லாது. பட்டங்களை மதிப்பிடும் நிறுவனங்களுக்கு நேசஸ் என்று ஒரு கூட்டமைப்பு உண்டு. அதில் உறுப்பினராக இருக்கும் நிறுவனத்தின் அறிக்கையைப் பெரும்பாலான காலேஜ்கள் ஏற்கும். டபிள்யூஇஎஸ் அதில் பலருக்கும் தெரிந்த பெயர். விண்ணப்பிக்கும்போது ‘கோர்ஸ் பை கோர்ஸ்’ அறிக்கையைக் கேளுங்கள். வெறும் ‘இது முதுகலைக்குச் சமம்’ என்ற ஒற்றை வரி அறிக்கை மலிவாகக் கிடைக்கும். பின்னால் ஒரு குழு உங்கள் பாடங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க உட்காரும்போது அது உதவாது.

இதில் இழுத்தடிப்பது இங்குள்ள நிறுவனம் இல்லை, நம் ஊர்ப் பல்கலைக்கழகம். செமஸ்டர் மார்க் ஷீட்டுகளின் நகலைப் பல்கலைக்கழகமே உறையில் போட்டு, ஒட்டி, முத்திரை குத்தி அனுப்ப வேண்டும் என்று கேட்பார்கள். சில இடங்களில் இணையவழி அனுப்பவும் வசதி வந்துவிட்டது. நீங்கள் ஸ்கேன் செய்து அனுப்புவது கணக்கில் வராது. ஊரில் ஒருவர் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு நேரில் போய், பணம் கட்டிய ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று தடவை விசாரிக்க வேண்டியிருக்கும். தம்பியோ அப்பாவோ இருந்தால் இன்றே சொல்லிவையுங்கள். மார்க் ஷீட்டில் அப்பா பெயர் இனிஷியலாகவும், பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் சர்நேமாகவும் இருந்தால் திருமணச் சான்றிதழின் நகலும் தயாராக இருக்கட்டும். நம் பெண்கள் பலர் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

3 வருட பி.எஸ்சி.யைத் தனியாகப் பார்த்தால் அமெரிக்க இளங்கலைக்குச் சமம் என்று சில நிறுவனங்கள் ஒப்புக்கொள்ளாது. அதன்மேல் 3 வருட எம்.சி.ஏ. இருப்பதால் உங்களுக்கு அந்தக் கவலை குறைவு.

பழைய கம்பெனியிடம் அனுபவச் சான்றிதழும் வாங்குங்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, முழுநேரப் பணி என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். ‘அவர் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்’ என்று முடியும் ரிலீவிங் லெட்டரை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

சரி, கணக்குதான் எடுக்க வேண்டும் என்று மனசு அடம்பிடிக்கிறதா? ஈக்விவலன்ஸி என்று ஒரு ஏற்பாடு சட்டத்திலேயே இருக்கிறது. பட்டியலில் உள்ள பட்டம் இல்லாவிட்டாலும் அதற்குச் சமமான படிப்பு இருக்கிறது என்று நீங்கள் விண்ணப்பத்தோடு கேட்கலாம். அந்தக் காலேஜை நிர்வகிக்கும் டிஸ்ட்ரிக்ட்டின் (ஒன்றோ பலவோ காலேஜ்களுக்கான நிர்வாக அமைப்பு) பேராசிரியர் குழு பார்த்து முடிவு செய்யும். எம்.சி.ஏ.வில் டிஸ்க்ரீட் மேத்தமேட்டிக்ஸ், ஆப்பரேஷன்ஸ் ரிசர்ச், ப்ராபபிலிட்டி என்று படித்திருப்பீர்கள். அவை ஒரு கணித முதுகலைக்கு ஈடாகுமா என்று கேட்டால், என் மனசுக்குச் சந்தேகம்தான். இரண்டு மூன்று தாள்களை வைத்து இரண்டு வருடப் படிப்பை ஈடுகட்டுவது கஷ்டம். இன்னொன்று: ஒரு டிஸ்ட்ரிக்ட்டில் கிடைத்த ஈக்விவலன்ஸி பக்கத்து டிஸ்ட்ரிக்ட்டில் தானாகச் செல்லுபடியாகாது, அங்கே மறுபடியும் முதலிலிருந்து கேட்க வேண்டும்.

கணக்குக்குக் குறுக்குவழி ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாது. கிரெடிட் இல்லாத, அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேராத, அடிப்படைக் கணித வகுப்புகளை எடுக்கக் கணிதத்தில் இளங்கலையே போதும். திரும்பப் படிக்க வருகிற பெரியவர்களும், பள்ளியில் கணக்கைக் கண்டு ஓடியவர்களும்தான் அங்கே வருவார்கள். டியூஷன் எடுத்த கைக்கு அந்த வகுப்பு நன்றாகப் பழகும். காலேஜின் டியூட்டரிங் சென்டரில் வேலைக்குச் சேர்வதற்கும் முதுகலை தேவைப்படாது. துறையில் நாலு பேருக்கு உங்கள் முகம் தெரியவரும்.

கணக்குத் துறையின் நிலவரத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2017-இல் வந்த ஏபி 705 என்ற சட்டத்துக்குப் பிறகு, மாணவர்களை முதலில் அடிப்படை அல்ஜீப்ராவில் உட்காரவைக்கும் வழக்கம் கலிஃபோர்னியாவில் பெருமளவு நின்றுவிட்டது. பெரும்பாலோர் நேராகப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ளத்தக்க கணித வகுப்புக்குள் போகிறார்கள். பகுதிநேரத்தவர்கள் வழக்கமாகக் கையாண்ட கீழ்நிலை வகுப்புகள் அதனால் வெகுவாகக் குறைந்துபோயின. இப்போது ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுக்கத் தெரிந்தவர்களுக்கு மவுசு.

இனி ஆள் எடுக்கும் விதம். நம் ஊரில் போல விளம்பரம், எழுத்துத் தேர்வு, ரேங்க் லிஸ்ட் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலான டிஸ்ட்ரிக்ட்டுகள் பகுதிநேர ஆசிரியர்களுக்கு வருடம் முழுக்க ஒரு ‘பூல்’ திறந்து வைத்திருக்கும். விண்ணப்பித்தால் அதில் உங்கள் பெயர் போய்க் கிடக்கும். யாராவது விலகும்போதோ, வகுப்பு கூடுதலாகத் திறக்கும்போதோ துறையின் டீன் அந்தப் பட்டியலைப் புரட்டுவார். செமஸ்டர் தொடங்கும் ஆகஸ்டில், வகுப்புக்குச் சில நாட்களே இருக்கும்போது ‘எடுக்க முடியுமா?’ என்று போன் வருவது சகஜம். பூலில் பெயர் போட்டதோடு நிறுத்தாமல் டீனுக்கு நாலு வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: எந்தெந்த வகுப்பு எடுக்க முடியும், எந்தெந்த நேரம் வர முடியும் என்று மட்டும். மாலை நேரமும் சனிக்கிழமையும் முடியும் என்று எழுதினால் பதில் சீக்கிரம் வரும்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி நம்மவர்களைத் தடுமாற வைக்கும். பலதரப்பட்ட பின்னணி கொண்ட மாணவர்களைப் புரிந்துகொண்டு நடத்தும் பக்குவம் இருக்கிறதா என்று எழுதச் சொல்வார்கள். இதைச் சட்டமே கேட்கச் சொல்கிறது. ‘நான் எல்லோரையும் சமமாகப் பார்ப்பேன்’ என்று ஒற்றை வரியில் முடித்துவிடாதீர்கள். இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு வரும் அம்மா, குடும்பத்திலேயே முதன்முதலாகக் காலேஜ் படியேறிய பையன், ஆங்கிலம் இரண்டாம் மொழியான அகதி எல்லோரும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். டியூஷனில் பின்தங்கிய பிள்ளை ஒன்றை நீங்கள் எப்படிப் பிடித்து மேலே கொண்டுவந்தீர்கள் என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். நேர்காணலில் 10, 15 நிமிடம் மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். அதில் முக்கால்வாசி நேரம் பலகையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தால் போச்சு. எதிரே இருப்பவர்களிடம் கேள்வி கேளுங்கள்.

வேலை கிடைத்தபின் கைரேகைச் சோதனையும் காசநோய்ச் சோதனையும் உண்டு. சின்ன வயதில் நமக்குக் காசநோய்த் தடுப்புக்கான பிசிஜி ஊசி போட்டிருப்பதால், தோலில் போடும் சோதனை பாசிட்டிவ் என்று காட்டக்கூடும். ரத்தப் பரிசோதனையாகக் கேட்டு வாங்குங்கள். தேவையில்லாத பீதி மிச்சம். ஒரு எச்சரிக்கையும்: இஏடி காலாவதியான நாளிலிருந்து வகுப்பு எடுக்க முடியாது, அதனால் புதுப்பிக்கும் தேதியைச் செமஸ்டர் நாட்காட்டியோடு வைத்துப் பாருங்கள்.

வீட்டுச் செலவுக்கு இதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், முதல் இரண்டு வருடமாவது வேண்டாம். வேலை செமஸ்டர் செமஸ்டராகத்தான். ஆள் சேராவிட்டால் வகுப்பு ரத்தாகும். முழுநேர ஆசிரியரின் வகுப்பு ரத்தானால் உங்கள் வகுப்பு அவருக்குப் போகலாம். ஒரே டிஸ்ட்ரிக்ட்டில் முழுநேர வேலைச் சுமையில் 67 சதவீதத்துக்கு மேல் பகுதிநேரத்தவருக்குக் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். 15 யூனிட் முழுச் சுமை என்றால் 3 யூனிட் வகுப்பு மூன்றோடு நின்றுவிடும். அதனால்தான் பலர் இரண்டு மூன்று டிஸ்ட்ரிக்ட்டுகளுக்கு நடுவே காரிலேயே குடித்தனம் நடத்துகிறார்கள்; ஃப்ரீவே ஃப்ளையர் என்று அவர்களுக்குப் பட்டப்பெயரே உண்டு. ஃப்ரீமாண்டில் உங்களுக்கு ஓலோன் காலேஜ் பக்கம். ஹேவர்டில் இருக்கும் ஷாபோவும் லிவர்மோரில் இருக்கும் லாஸ் பொசிட்டாஸும் ஒரே டிஸ்ட்ரிக்ட். விரிகுடாவின் அந்தப் பக்கம் ஃபுட்ஹில், டி ஆன்சா. அவை செமஸ்டருக்குப் பதில் வருடத்தை நான்காகப் பிரிக்கும் குவார்ட்டர் முறையில் நடப்பதால் செப்டம்பர் கடைசியில்தான் தொடங்கும்.

சம்பளம் வகுப்பில் நிற்கும் மணிக்குத்தான் எண்ணப்படும். தயாரிப்பும், திருத்துவதும், இரவு பதினொரு மணிக்கு வரும் மாணவர் மின்னஞ்சலும் அந்த மணிக்கூலிக்குள்ளேயே அடங்கிவிடும். இது எனக்குப் பிடிக்காத ஏற்பாடு, ஆனால் நடைமுறை அதுதான். நல்ல செய்தியும் இருக்கிறது. அடுத்த செமஸ்டருக்கு உத்தரவாதம் இல்லாத வேலை என்பதால், இடைவெளி மாதங்களில் வேலையில்லாக் காப்பீடு கோரும் வழி பகுதிநேர ஆசிரியர்களுக்கு 1989-இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பால் கிடைத்தது. உங்கள் விசா நிலையில் அதைக் கேட்பதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

கணவர் சொல்லும் இரண்டாவது மாஸ்டர்ஸுக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். மதிப்பீட்டு அறிக்கை வரட்டும், கம்ப்யூட்டர் பக்கம் ஒரு வகுப்பு கிடைக்கட்டும், ஒரு வருடம் எடுத்துப் பாருங்கள். அப்புறமும் கணக்கு மேல்தான் கண் என்றால் படிக்கலாம். அதற்குள் கணவரின் வேலை ஆஸ்டினுக்கோ அட்லாண்டாவுக்கோ மாறினால் கணக்கே மாறிவிடும். தென் மாநிலங்களின் அங்கீகார அமைப்பு, எந்தத் துறையில் மாஸ்டர்ஸ் இருந்தாலும், எடுக்கும் பாடத்தில் பட்டமேற்படிப்பு அளவில் 18 கிரெடிட் இருக்கிறதா என்று பார்க்கும். அங்கே முழு மாஸ்டர்ஸ் வேண்டியதில்லை, ஆறு கணித வகுப்புகளோடு முடிந்துவிடும்.