ஒரு வார்த்தையும் சேர்க்காமல்

அன்புள்ள ஐயா,

கல்லூரி விடுதியில் ஒன்றாக இருந்த எட்டுப் பேர் ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறோம். பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. போன மாதம் ஒருநாள் இரவு ஒரு மணி வாக்கில் அதில் ஒருத்தி எனக்குத் தனியாக நீளமாக எழுதியிருந்தாள். கணவரோடு இனி முடியாது, பிரிந்துவிடலாம் என்றிருக்கிறேன் என்று. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எங்கள் இருவருக்கும் நெருக்கமான இன்னொரு தோழிக்கு அனுப்பி, "இவளுக்கு என்ன சொல்றது?" என்று கேட்டேன். அவள் தன் கணவரிடம் காட்டியிருக்கிறாள். அவர் வேறு யாருக்கோ அனுப்பியிருக்கிறார். நான்காம் நாள் அந்தப் படம், எனக்கு எழுதியவளின் நாத்தனார் போனில் இருந்தது. அவள் குரூப்பை விட்டுப் போய்விட்டாள். என் எண்ணையும் பிளாக் செய்துவிட்டாள்.

நான் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை, குறைக்கவும் இல்லை. போனில் பேசியிருந்தாலும் இதே விஷயத்தைத்தானே சொல்லியிருப்பேன்? தப்பு எங்கே நடந்தது என்று எனக்குப் புரியவில்லை. ஸ்னாப்சாட்டில் இருப்பதுபோல, ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் எதிராளிக்குத் தெரியும் என்று வாட்ஸ்அப்பிலும் வைத்திருந்தால் நான் எடுத்தே இருக்கமாட்டேன் என்று தோன்றுகிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

தப்பு நீங்கள் அனுப்பிய இடத்தில்தான் நடந்தது. நாத்தனார்வரை கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் செய்தது இன்னும் பெரிய தப்பு. ஆனால் கடிதம் எழுதியிருப்பது நீங்கள், அதனால் உங்களிடம் பேசுகிறேன். கெட்ட எண்ணத்தில் நீங்கள் அனுப்பவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இதே காரியத்தை நானும் ஒருமுறை செய்திருக்கிறேன்.

"ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை, குறைக்கவும் இல்லை" என்கிறீர்கள். சரி, போனில் பேசியிருந்தால் எப்படிப் பேசியிருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். "அவ ரொம்ப மனசு ஒடஞ்சு போயிருக்காடி, வீட்ல ஏதோ சரியில்ல போல, நாம ஒருதடவ போய்ப் பாத்துட்டு வரலாமா?" இப்படித்தான் ஆரம்பித்திருப்பீர்கள். கணவரைப் பற்றி உங்கள் தோழி ஆத்திரத்தில் எழுதிய வார்த்தை ஏதாவது இருந்திருந்தால் அதை உங்கள் வாயால் சொல்லியிருக்கமாட்டீர்கள். வாய் கூசியிருக்கும். அடுத்தவர் துக்கத்தை எடுத்துச் சொல்லும்போது எதைச் சொல்லலாம், எதை விழுங்கிவிட வேண்டும் என்று பேசப் பேசவே நாம் சலித்துக்கொண்டுதான் வருகிறோம். அன்று ராத்திரி உங்கள் போன் எதையும் சலிக்கவில்லை. அவர் உங்களுக்கென்று எழுதியதெல்லாம், எழுதிய நேரத்தோடும் பெயரோடும், அப்படியே போய்விட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. வாய்வழியாகப் போகும் சேதிக்குச் சொன்னவர் என்று ஒருவர் உண்டு. "யார் சொன்னா?" என்று கேட்பார்கள். "அவளா? அவ எதையும் பெருசாக்கித்தான் சொல்லுவா" என்று தள்ளிவிடுவார்கள். சம்பந்தப்பட்டவரும் "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று சொல்லிவிடலாம். பெரியவர்கள் "ஏதோ கோபத்துல சொல்லிட்டா, விடுங்க" என்று முடித்துவைக்கலாம். நம் குடும்பங்களில் எத்தனையோ உறவுகள் இந்த ஒரு வாசல் திறந்திருந்ததால்தான் தப்பித்திருக்கின்றன. ராத்திரி ஒரு மணிக்குப் பிரியலாம் என்று நினைப்பவர் காலையில் பால் பொங்கும்போது வேறு மாதிரி நினைக்கலாம். அப்படி நினைக்க அவருக்கு உரிமை உண்டு. அந்தப் படம் நாத்தனார் கைக்குப் போனபிறகு, அவர் மனம் மாறியிருந்தாலும் மாறவில்லை என்றுதான் ஆகும். பிரிவதா இல்லையா என்பதை அவர் முடிவு செய்வதற்கு முன்னால் அவரைச் சுற்றி இருப்பவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

என் கதையைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் நண்பன் ஒருவன் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் கேட்டு எழுதினான். மறுநாள் கடைசித் தேதி. அவன் கேட்ட தொகை என்னிடம் இல்லை. அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, எங்களுக்குப் பொதுவான மூன்று பேருக்கு அனுப்பி, "முடிந்ததைப் போடுங்கள்" என்றேன். மத்தியானத்துக்குள் பணம் சேர்ந்துவிட்டது. கட்டணம் கட்டியாயிற்று. நல்ல காரியம் செய்துவிட்டேன் என்றுதான் அன்று தூங்கப் போனேன்.

பிறகு ஒருநாள் கேலரியில் வேறு எதையோ தேடும்போது அந்தப் படம் கண்ணில் பட்டது. அப்போதுதான் அதை முழுதாகப் படித்தேன். மேலே வட்டத்துக்குள் மகளோடு அவன் நிற்கும் டிபி. அவன் அனுப்பிய நேரம் இரவு 11:52. முதலில் நலம் விசாரித்து ஒரு வரி, அதற்கு நான் அனுப்பிய கட்டைவிரல். அப்புறம் விஷயம். கடைசி வரி இது: "உன்னால முடியாட்டி பரவாயில்லடா, வேற யார்கிட்டயும் கேக்க எனக்கு வாய் வரல."

அந்த வரியோடு சேர்த்துத்தான் மூன்று பேருக்கு அனுப்பியிருக்கிறேன்.

பணத்தை அவன் எட்டு மாதத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டான். வீட்டுக்கு வருவதுதான் நின்றுபோயிற்று.

அடுத்தது நீங்கள் கேட்ட ஸ்னாப்சாட் விஷயம். 2011இல் வந்த செயலி அது. படம் பார்த்ததும் மறைந்துவிடும், யாராவது ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் அனுப்பியவருக்குத் தகவல் போகும். கேட்க நன்றாக இருக்கிறது. 2014இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், மறைந்துவிடும் என்று சொல்லி மக்களை ஏமாற்றுகிறீர்கள் என்று அந்த நிறுவனத்தின்மேல் குற்றம் சாட்டியது. படத்தைச் சேமித்து வைக்க வேறு வழிகள் இருந்தன, ஸ்க்ரீன்ஷாட் எடுத்ததே தெரியாமல் எடுக்கவும் வழி இருந்தது. நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. இன்ஸ்டாகிராமும் 2018இல் ஸ்டோரியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் தெரிவிப்பதைச் சிலருக்கு மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டது.

வாட்ஸ்அப் 2021இல் ஒருமுறை மட்டும் பார்க்கக்கூடிய வியூ ஒன்ஸ் படத்தைக் கொண்டுவந்தது. அதை ஸ்க்ரீன்ஷாட் எடுக்கவிடாமல் தடுக்கப்போவதாக 2022இல் அறிவித்தது. 2025இல் உரையாடலை மொத்தமாக ஏற்றுமதி செய்யவிடாமல் தடுக்கும் வசதி வந்தது, அதை வைத்தாலும் சாதாரண அரட்டையை ஸ்க்ரீன்ஷாட் எடுக்கலாம். எந்தத் தடை வந்தாலும் பக்கத்தில் இருப்பவரின் போனை வாங்கித் திரையைப் படம் எடுத்துவிட்டால் கதை முடிந்தது. வாட்ஸ்அப்பில் 2016இலிருந்து எல்லாச் செய்திகளும் பூட்டித்தான் போகின்றன, நடுவில் யாரும் படிக்க முடியாது. ஆனால் பூட்டு வழிக்குத்தான். போய்ச் சேர்ந்த இடத்தில் திறந்துதானே படிக்கிறோம்? உங்கள் தோழி அனுப்பியது உங்கள் கைக்கு வந்து சேரும்வரை பத்திரமாகத்தான் இருந்தது.

பெயரை மட்டும் வெட்டிவிட்டு அனுப்பலாமே என்று சிலர் கேட்பார்கள். அதையும் முழுதாக நம்பாதீர்கள். கூகுள் பிக்சல் போன்களில் வெட்டிய ஸ்க்ரீன்ஷாட்டிலிருந்து வெட்டுப்பட்ட பகுதியை மீட்க முடிகிறது என்று 2023இல் தெரியவந்தது. விண்டோஸ் 11இன் ஸ்னிப்பிங் டூலிலும் அதே ஓட்டை இருந்தது. சரிசெய்துவிட்டார்கள், ஆனால் அதற்கு முன்னால் அப்படியே அனுப்பிய படங்களைத் திரும்ப வாங்க முடியாது. சிலர் போனிலேயே இருக்கும் கறுப்பு மார்க்கரால் பெயர்மேல் கோடு போடுவார்கள். அந்தக் கறுப்பு முழுதாக மறைக்காது. வெளிச்சத்தைக் கூட்டினால் கீழே இருப்பது தெரியும். இதெல்லாம் போகட்டும், எட்டுப் பேர் இருக்கும் ஒரு கூட்டத்தில் பெயர் எதற்கு? எழுதும் பாணியிலேயே தெரிந்துவிடுமே, இது யார் என்று.

சட்டமும் இதில் உங்கள் தோழிக்குப் பெரிதாக உதவாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனால் ஒருவர் தன் சொந்த, வீட்டுக் காரியத்துக்காகத் தரவைக் கையாண்டால் அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. உடம்பின் அந்தரங்கத்தைச் சம்மதமில்லாமல் படம் எடுத்தாலோ பரப்பினாலோ தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஈ பிரிவில் மூன்று வருடம்வரை சிறை உண்டு. மனதில் இருப்பதை எடுத்துப் பரப்பினால் அப்படி ஒரு பிரிவு இல்லை. உங்கள் தோழி நம்பியது உங்களை மட்டும்தான்.

ஸ்க்ரீன்ஷாட்டே எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவரவில்லை. மிரட்டுபவன், ஆபாசமாக எழுதுபவன், பணத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றுபவன் அனுப்பியதையெல்லாம் கட்டாயம் எடுத்து வையுங்கள். 2018 அக்டோபரில் நம் நாட்டில் மீ டூ என்று பாலியல் தொல்லைகளைப் பற்றிப் பெண்கள் பேசத் தொடங்கியபோது அவர்களில் பலர் கையில் இருந்த ஒரே சாட்சி ஸ்க்ரீன்ஷாட்தான். அப்படிப்பட்டவன் அனுப்பியது நம்பிக்கையில் இல்லை, அதைக் காக்க வேண்டிய கடன் யாருக்கும் கிடையாது. எடுக்கும்போது எண்ணும் தேதியும் தெரியும்படி எடுங்கள், மூலச் செய்தியை அழித்துவிடாதீர்கள், போனை மாற்றினாலும் பழைய போனை வைத்திருங்கள். 2024 ஜூலையிலிருந்து அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழும் கொடுக்க வேண்டும், வெறும் படம் நீதிமன்றத்தில் போதாது. பண மோசடி என்றால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள்.

அதேபோல், தோழி ஒருத்தி உயிரை விட்டுவிடுவேன் என்று எழுதினால் ரகசியம் காப்பது முக்கியமே இல்லை. உடனே ஓடிப்போய்ப் பக்கத்தில் நிற்கக்கூடிய ஒருவரிடம் சொல்லுங்கள், தேவைப்பட்டால் படத்தையும் காட்டுங்கள். பின்னால் அவர் கோபித்துக்கொண்டால் வாங்கிக்கொள்ளலாம், ஆள் இருக்கிறாரே.

உங்கள் விஷயம் இந்த இரண்டிலும் சேராது. உங்களுக்கு யோசனை தேவைப்பட்டது, அவ்வளவுதான். யோசனை கேட்கப் படம் தேவையில்லை. "எனக்குத் தெரிந்த ஒருத்தி கஷ்டத்தில் இருக்கிறாள், என்ன சொல்வது?" என்று கேட்டிருந்தாலே போதும். அதைவிட எளிது, அவரிடமே "இதை நான் இன்னாரிடம் பேசலாமா?" என்று கேட்பது. அவர் சரி என்றும் சொல்லியிருக்கலாம். அந்த ராத்திரியில் உங்களுக்கு அது தோன்றவில்லை. பதறிப்போனால் கை தானாகவே பொத்தானுக்குப் போகிறது, எனக்கும் அப்படித்தான் போயிற்று.

இப்போது செய்ய வேண்டியது. அனைவருக்கும் நீக்கு என்ற வசதி வாட்ஸ்அப்பில் இரண்டரை நாள்வரைதான் வேலை செய்யும், அது தாண்டிவிட்டது. ஆகவே நீங்கள் அனுப்பிய தோழியிடமும் அவர் கணவரிடமும் நேரில் பேசுங்கள். அவர்கள் அதை யார் யாருக்கு அனுப்பினார்கள், இன்னும் யார் போனில் இருக்கிறது என்று கேட்டு, ஒவ்வொருவரையும் அழிக்கச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், சண்டைகூட வரலாம். கேட்டே ஆக வேண்டும். எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், என் நண்பனைப் பார்க்க நான் ஒரு வருடம் கழித்துத்தான் போனேன். மன்னிப்புக் கேட்டேன். உன் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று நான் ஆரம்பித்ததை அவன் கேட்கவே விரும்பவில்லை. "யார் யாருக்குடா அனுப்பின?" என்று மட்டும் கேட்டான். முதல் இரண்டு பெயருக்குத் தலையாட்டினான். மூன்றாவது பெயரைச் சொன்னதும், "அவனுக்குமா?" என்றான். அவன் மனைவி ஊர்க்காரர் அவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒரு வருஷமா யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாதுன்னு புரியாம எல்லார் மூஞ்சியையும் பாத்துட்டு இருந்தேன். கல்யாண வீட்டுக்குப் போனாக்கூட அதான்" என்றான்.

உங்கள் தோழியும் இப்போது அப்படித்தான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பட்டியலோடு போங்கள், ஒரு பெயரையும் விடாமல் சொல்லுங்கள். அவர் எண்ணுக்குப் போன் போகாது, அவர் அம்மா வீட்டு எண் உங்களிடம் இருக்கும். அம்மாவிடம் மகள் எங்கே இருக்கிறாள் என்பதை மட்டும் கேளுங்கள். வேறு எதையும் பேச வேண்டாம், அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது உங்களுக்குத் தெரியாது.