வாங்கிய கேம்கள் விளையாடாமலே குவிந்து கிடக்கின்றன, எப்படி முடிப்பது?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது: தள்ளுபடியில் வாங்கியதும் இலவசமாக எடுத்ததுமாக நூற்றுக்கு மேல் கேம்கள் சேர்ந்துவிட்டன. எதைத் திறந்தாலும் அரை மணி நேரத்தில் மூடிவிடுகிறார். கடைசியில் ஏற்கெனவே பழகிய ஒரே கேமுக்குத்தான் திரும்பிப் போகிறார்.

மூன்று வருடங்களுக்கு முன் நானும் இப்படித்தான் இருந்தேன். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில், என் லைப்ரரியில் 143 கேம்கள். அதில் 61 கேம்களை ஒருமுறைகூடத் திறந்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஹவ்லாங்டுபீட் தளத்தில் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பார்த்துக் கூட்டினேன். மெயின் ஸ்டோரி மட்டுமே 1,100 மணி நேரம் வந்தது. எனக்கு வாரத்துக்கு ஆறு மணி நேரம் கிடைத்தாலே பெரிய விஷயம். அப்படியென்றால் மூன்றரை வருடம், அதுவும் நடுவில் புதிதாக ஒன்றுகூட வாங்காமல் இருந்தால். அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு மனசு லேசாகிவிட்டது. எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தை அன்றைக்கே விட்டேன். நீங்களும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

அடுத்து, நீங்கள் ஆசைப்பட்டு எடுக்காதவற்றைக் கண்ணில் படாமல் ஒதுக்குங்கள். எபிக் ஸ்டோர் 2018 டிசம்பரில் தொடங்கியதிலிருந்து இலவச கேம்களைக் கொடுத்து வருகிறது. பத்து கேம் சேர்ந்த பண்டிலில் நாம் விரும்பியது ஒன்றுதான், மீதி ஒன்பதும் கூடவே வந்தவை. இவற்றையெல்லாம் பேக்லாக், அதாவது முடிக்க வேண்டிய பாக்கி, என்று நான் சொல்லமாட்டேன். ஸ்டீமில் ஒரு கேமை லைப்ரரியிலிருந்து மறைத்து வைக்கும் வசதி இருக்கிறது. மறைத்தால் கேம் எங்கும் போய்விடாது, வேண்டும்போது திரும்பக் கொண்டுவரலாம். நான் அப்படிச் செய்ததில் 61 என்பது 24 ஆனது.

இதுவரை சொன்னது எளிது. உண்மையான சிக்கல் எனக்கு வேறு இடத்தில் இருந்தது. திறக்காத கேம்கள் என்னை ஒன்றும் செய்யவில்லை, பாதியில் நின்றவைதான் படுத்தின.

விட்சர் 3-ஐ ஒரு பிப்ரவரியில் ஆரம்பித்தேன். ஜெரால்ட் என்ற அரக்க வேட்டைக்காரனாக நாம் விளையாடும், மெயின் ஸ்டோரிக்கே ஐம்பது மணி நேரம் கேட்கும் கேம். இருபது மணி நேரம் நன்றாகப் போனது. அப்புறம் வேலை கூடியது, நான்கு மாதம் தொடவே இல்லை. ஜூனில் ஒரு நாள் இரவு, சேவ் செய்து வைத்த இடத்திலிருந்து லோடு செய்தேன். வெலன் சதுப்பு நிலத்தில் ஜெரால்ட் நிற்கிறான், சுற்றிலும் இருட்டு. எதற்காக அங்கே போனேன் என்று நினைவே இல்லை. தண்ணீருக்குள்ளிருந்து டிரவுனர் என்ற நீர்ப் பிசாசுகள் மூன்று ஏறி வந்தன. நெருப்பு மந்திரம் என்று நினைத்து ஒரு பட்டனை அழுத்தினேன், அவன் உருண்டு நேராக அவற்றின் நடுவில் போய் நின்றான். செத்து, மறுபடி லோடு செய்து குவெஸ்ட் (செய்ய வேண்டிய பணிகள்) பட்டியலைத் திறந்தால் வரிசையாக இருபது பெயர்கள். பையில் எதற்கென்றே தெரியாத மூலிகைகள். கேமை மூடிவிட்டேன். சில மாதம் கழித்து முதலிலிருந்து தொடங்கினேன், ஆரம்பப் பகுதியான வைட் ஆர்ச்சர்டில் அதே கிரிஃபின் அரக்கனை மறுபடி கொன்றேன், மறுபடி அதே வெலனில் நின்றுபோனேன்.

நேரம் இல்லை, கேம் பிடிக்கவில்லை என்றெல்லாம் அப்போது நினைத்துக்கொண்டேன். இரண்டுமே இல்லை. விட்ட இடத்திலிருந்து திரும்ப உள்ளே நுழைய வழி தெரியவில்லை, அவ்வளவுதான். நீங்கள் அரை மணி நேரத்தில் மூடுகிறீர்களே, அவற்றில் எத்தனை ஏற்கெனவே ஒருமுறை தொடங்கியவை என்று பாருங்கள். கணிசமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இதற்கு வழி காட்டியது விண்வெளியில் சுற்றித் திரியும் இன்னொரு கேம்: அவுட்டர் வைல்ட்ஸ். அதில் 22 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். கையில் எந்த ஆயுதமும் சேராது, லெவல் ஏறாது. சேர்வது நமக்குத் தெரிந்த விஷயம் மட்டும்தான். அதனால் நம் விண்கலத்தின் உள்ளே ஒரு கணினி இருக்கும். எங்கே என்ன கண்டுபிடித்தோம், எது எதோடு தொடர்புடையது என்று அதுவே கோடு போட்டுக் குறித்து வைக்கும். முழுதாகப் பார்க்காத இடத்துக்குப் பக்கத்தில், இங்கே இன்னும் பார்க்க வேண்டியது இருக்கிறது என்று காட்டும். (இதற்கு மேல் சொன்னால் கேம் கெட்டுவிடும், தயவுசெய்து எதையும் தேடிப் படிக்காமல் விளையாடுங்கள்.) அந்தக் கேமிலும் எனக்கு இரண்டு மாத இடைவெளி விழுந்தது. திரும்பி வந்து அந்தக் கணினியை ஐந்து நிமிடம் படித்தேன். நேற்று விட்டது போல இருந்தது.

சரி, மற்ற கேம்கள் இதைச் செய்யாவிட்டால் நாமே செய்யலாமே என்று தோன்றியது. அன்றிலிருந்து ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் ஃபோனில் மூன்று வரி எழுதுகிறேன். எங்கே நிற்கிறேன், அடுத்து என்ன செய்ய இருந்தேன், கைக்கு மறந்துபோகக்கூடியது எது. முன்பு செலஸ்ட் என்ற மலையேறும் கேமை விளையாடும்போது எழுதியது இது (டாஷ் என்பது சட்டென்று ஒரு திசையில் பாய்வது): "7ஆம் அத்தியாயம், 2000 மீட்டர் தாண்டியாச்சு. நாளைக்கு அடுத்த கொடி. டாஷ் அடிக்கும் முன் திசையை அழுத்து, பின்னால் இல்லை." மூன்றாவது வரியை எழுத மறக்காதீர்கள். கதையை எங்கேயாவது படித்துப் பிடித்துவிடலாம், விரல் பழக்கத்தை நாம் எழுதி வைத்தால்தான் உண்டு.

எழுதி வைத்தாலும் இடைவெளியைத் தாங்காத கேம்கள் உண்டு. ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் அப்படி ஒன்று. ஒரு கப்பலில் இருந்த 60 பேரில் யார் யார், யாருக்கு என்ன ஆனது என்று கண்டுபிடிக்க வேண்டும். மூன்று பேரைச் சரியாகச் சொன்னால்தான் அது உறுதி செய்யும். முகங்கள், உடைகள், பேச்சில் தெரியும் ஊர் வாசனை எல்லாம் மனதில் சூடாக இருக்கும்போது விளையாட வேண்டியது. அதை ஒரு நீண்ட விடுமுறைக்கென்று ஒதுக்கி வைத்து நான்கு நாளில் முடித்தேன். அந்த நான்கு நாளை இப்போது நினைத்தாலும் சந்தோஷமாக இருக்கிறது.

ஒரே சமயத்தில் எத்தனை? எனக்கு இரண்டு. ஒன்று நீளமானது, ஒன்று குட்டி. போர்ட்டல் மூன்று மணி நேரம், ஜர்னி இரண்டு மணி நேரம். ஒரே இரவில் ஒன்றை முடித்த தெம்பு நீளமான கேமுக்கும் உதவும்.

கைவிடுவதைப் பற்றி: பிடிக்கவில்லை என்றால் விடுங்கள், காசு கொடுத்தோமே என்று இழுக்க வேண்டாம். புதிதாக வாங்கியது என்றால் ஸ்டீமில் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதனால் வாங்கிய அன்றைக்கே திறந்து பாருங்கள். ஆனால் பிடித்திருக்கிறது, கஷ்டமாக இருப்பதால் மட்டும் நின்றுவிட்டது என்றால் டிஃபிகல்ட்டியைக் குறைத்துக்கொள்ளுங்கள். செலஸ்ட்டில் அசிஸ்ட் மோடு என்றே ஒன்று உண்டு, கேமின் வேகத்தைப் பாதி வரை குறைக்கலாம். கடைசி ஏற்றத்தில் கொடிகள் 30 என்று தொடங்கி ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வரும். பன்னிரண்டாவது கொடிக்கு மேல் நான் வேகத்தை 80 சதவீதமாக்கித்தான் ஏறினேன். உச்சியில் நின்றபோது எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

திறக்காதவை, பாதியில் நின்றவை எல்லாம் சேர்த்து இதுவரை 19 முடித்திருக்கிறேன், ஏழைக் கைவிட்டிருக்கிறேன். விட்சர் 3-ஐ இந்த வருடம் மூன்றாவது முறையாகத் தொடங்கி, வெலனைத் தாண்டி ஸ்கெல்லிகே தீவுகளுக்கு வந்துவிட்டேன். நேற்று இரவு எழுதியது (குவென் என்பது காப்பு மந்திரம்): "ஹ்யால்மரைத் தேடி உண்ட்விக் போக வேண்டும், படகு கரையில் இருக்கிறது. பட்டியலில் மற்றதெல்லாம் அப்புறம். சண்டைக்கு முன் குவென்."