தோப்புக்குப் பக்கத்தில் கல்குவாரி: மனு கொடுத்தாயிற்று, அப்புறம்?

கேள்வி: கிணத்துக்கடவுக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவில் எங்களுக்கு ஒன்பது ஏக்கர் தென்னந்தோப்பு இருக்குதுங்க. அதிலுள்ள பழைய சாளையை (தோட்டத்து வீட்டை) சீர்செய்து, ஆறு வருடமாக வெளியூர்க்காரர்களைத் தங்க வைக்கிறோம். இட்டேரியில் (வேலிகளுக்கு நடுவே போகும் மண்பாதையில்) நடக்கவும், கிணற்றில் குளிக்கவும், கம்பஞ்சோறு சாப்பிடவும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். இப்போது கிழக்கே உள்ள மேட்டுப் பூமியில் கல்குவாரிக்கு விண்ணப்பம் போயிருக்கிறதாம். ஊரில் 200 பேர் கையெழுத்துப் போட்டுக் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தோம். இது போதுங்களா? ஆஸ்திரேலியாவில் ஒயின் திராட்சைத் தோட்டமும் சுற்றுலாவும் உள்ள ஊர்களைச் சுரங்கத்திலிருந்து காப்பாற்றினார்கள் என்று படித்தேன். அப்படிச் சட்டம் நமக்கு உண்டுங்களா?

பதில்: போதாதுங்க. ஊருக்கு இது பிடிக்கவில்லை என்பது உங்கள் மனுவில் தெரிகிறது. ஆனால் கோப்பைப் பார்க்கிற அதிகாரி தேடுவது வேறு. குவாரி எல்லையிலிருந்து வீடு எத்தனை மீட்டர், அந்த வீடு எந்த ஆவணத்தில் இருக்கிறது, பக்கத்தில் வேறு குவாரி உண்டா, வாய்க்கால் எவ்வளவு தூரம் என்றுதான் அவர் பார்ப்பார். இவற்றுக்குப் பதில் சொல்லாத மனு, எத்தனை கையெழுத்து இருந்தாலும் கோப்பின் அடியில்தான் கிடக்கும்.

முதலில் அந்தப் பூமியின் புல எண்ணை (சர்வே நம்பரை) கண்டுபிடியுங்கள். அது இல்லாமல் எந்த ஆபீஸிலும் பேச்சு நகராது. புல எண் கிடைத்ததும் விண்ணப்பம் எந்தப் படியில் இருக்கிறது என்று மாவட்டக் கனிமவளத் துறையில் கேளுங்கள். வாயால் சொல்ல மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். பட்டா நிலத்தில் கல் உடைக்க முதலில் மாவட்ட நிர்வாகம் பரப்பைக் குறித்துக் கடிதம் தரும். பிறகு சுரங்கத் திட்டம், மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்தின் அனுமதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, குத்தகைப் பத்திரம் எல்லாம் வேண்டும். 2012-ல் உச்ச நீதிமன்றம் தீபக் குமார் வழக்கில் சொன்ன பிறகு, 5 ஹெக்டேருக்குக் குறைந்த சின்னக் குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பம் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் ஏறும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வாரம் ஒருமுறை பார்க்கும் வேலையை வீட்டில் படிக்கிற பிள்ளைகளிடம் கொடுங்கள்.

இனி உங்கள் சாளைக்கு வருகிறேன். உங்கள் வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது. தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள், 1959-ன் 36-ஆவது விதிப்படி, குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் குவாரி கூடாது. இதைக் கேட்டதும் எல்லோரும், 'எங்கள் வீடு 200 மீட்டரில் இருக்கிறது, அப்படியானால் வராது' என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். அவசரப்படக் கூடாது. குடியிருப்பு என்று விதி எடுத்துக்கொள்வது வருவாய் ஆவணத்தில் ஊராகவோ வீட்டுமனையாகவோ உள்ள இடத்தை, அல்லது உள்ளாட்சியோ திட்டக் குழுமமோ அங்கீகரித்த மனையை. கொங்கு நாட்டில் நாம் நத்தத்தில் (ஊர்க் குடியிருப்பு நிலத்தில்) நெருக்கி வீடு கட்டிக்கொண்டு இருக்கிற ஆட்களா? ஆளாளுக்கு அவரவர் தோட்டத்தில் சாளை போட்டுக் குடியிருக்கிறோம். மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்த சாளையாக இருக்கும், ஆனால் பட்டாவில் அந்த இடம் வெறும் புன்செய். விண்ணப்பத்தோடு கிராம நிர்வாக அலுவலர் தரும் 300 மீட்டர் சுற்றளவுச் சான்றில் 'குடியிருப்பு ஏதுமில்லை' என்று எழுதிவிட ஆவணம் இடம் கொடுக்கிறது. இது எனக்கு நியாயமாகவே படவில்லை, இந்த விதி நம் ஊர் வாழ்க்கையைப் பார்த்து எழுதினதில்லை. ஆனாலும் அது திருந்தும் வரை காத்திருக்க முடியாது.

ஆகவே சாளையைக் காகிதத்தில் ஏற்றுங்கள். ஊராட்சியின் வீட்டு வரி ரசீது, கட்டட அனுமதி, மின் இணைப்பு அட்டை, ரேஷன் கார்டு முகவரி என்று இருக்கிற எல்லாவற்றையும் சேருங்கள். அனுமதி வாங்காமல் கட்டியிருந்தால் இப்போதாவது விண்ணப்பியுங்கள். உரிமம் பெற்ற நில அளவையரை வைத்து, குவாரிப் புல எண்ணின் எல்லையிலிருந்து உங்கள் சாளைக்கும் அக்கம்பக்கத்துச் சாளைகளுக்கும் உள்ள தூரத்தை அளந்து ஒரே வரைபடமாகப் போடுங்கள். அதைக் கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார், கனிமவளத் துறை, மாநில ஆணையம் நால்வருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கு அப்புறம் 'ஏதுமில்லை' என்று எழுத யாருக்கும் கை தயங்கும்.

விருந்தினர்களைத் தங்க வைக்கும் தொழிலுக்கும் இதே கதைதான். எங்கும் பதியாத விடுதி, கோப்பைப் பொறுத்தவரை இல்லாத விடுதி. சுற்றுலாத் துறையில் ஹோம்ஸ்டேயாகப் பதிவு செய்யுங்கள். வருகைப் பதிவேடு, பணம் வந்த வங்கிக் கணக்கு, வெளிநாட்டவர் தங்கியிருந்தால் அவர்களுக்காக அனுப்பிய படிவம் சி எல்லாம் ஆறு வருடப் பிழைப்புக்குச் சாட்சி. சமைக்க, துவைக்க, தோப்பைக் காட்ட எத்தனை பேருக்குக் கூலி போகிறது என்பதையும் கணக்காக எழுதுங்கள்.

அடுத்து பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். எல்லாக் குவாரிக்கும் இது நடக்காது. 5 ஹெக்டேருக்கு உட்பட்ட, அதாவது சுமார் பன்னிரண்டரை ஏக்கருக்குள்ளான தனிக் குவாரிக்குக் கூட்டம் இல்லாமலே அனுமதி போய்விடும். ஆனால் 500 மீட்டருக்குள் வேறு குவாரிகள் இருந்து, எல்லாம் சேர்ந்து 5 ஹெக்டேரைத் தாண்டினால் தொகுப்பாகக் கணக்கிட வேண்டும். அப்போது தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் கூட்டமும் கட்டாயம். கிணத்துக்கடவு வட்டாரத்தில் குவாரிகளுக்குக் குறைவில்லை, அதனால் இந்த 500 மீட்டரை நீங்களே அளந்து பாருங்கள். தூரம் ஒரு குத்தகையின் ஓரத்திலிருந்து மற்றதன் ஓரம் வரை.

கூட்டம் வந்தால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் உங்களுக்குக் கிடைக்க வேண்டும், பேசுவது வீடியோவில் பதிவாக வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கு கிடையாது. புறக்கணித்தால் கூட்டம் நின்றுவிடும் என்று ஊரில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஆளில்லாமலே முடித்துவிடலாம். போய்ப் பேசுங்கள், பேசியதை எழுத்திலும் கொடுங்கள்.

வெடி வைப்பதற்கு முன்னால் இன்றைய நிலையைப் பதிந்து வைப்பது இன்னொரு பெரிய வேலை. நம் பக்கம் கடினப் பாறைப் பூமி. கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் தண்ணீர் பாறை வெடிப்புகள் வழியாகத்தான் வருகிறது. பக்கத்தில் ஆழமாகக் குழி வெட்டினால் அந்த ஊற்று குழிப் பக்கம் திரும்பிவிடும் ஆபத்து உண்டு. நாளைக்குக் கிணறு வற்றினால், 'மழையில்லை, அதான்' என்பார்கள். தென்னைக்கும் அப்படித்தான். 2016-லிருந்து ருகோஸ் வெள்ளை ஈ பொள்ளாச்சித் தோப்புகளை வாட்டுகிறது, வேர் வாடல் நோயும் பரவியிருக்கிறது. மட்டையில் கல்தூள் படிந்து காய்ப்பு குறைந்ததென்று நீங்கள் சொன்னால், பழியை ஈயின் தலையில் போட ஒரு நிமிடம் ஆகாது. அதனால் மாதம் ஒரு தடவை கிணற்று நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து தேதியோடு எழுதுங்கள். காய் வெட்டுக் கணக்கை மரவரிசைப்படி வையுங்கள். சாளைச் சுவரில் இப்போதுள்ள விரிசல்களைப் பொறியாளர் ஒருவரை வைத்துப் படமெடுத்து, அவர் கையெழுத்து வாங்குங்கள். இந்த நோட்டு இல்லாமல் இழப்பீடு கேட்டுப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பியதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

ஆஸ்திரேலியா பற்றிக் கேட்டீர்கள். நியூ சவுத் வேல்ஸின் ஹன்டர் பள்ளத்தாக்கில் ஒயின் திராட்சைத் தோட்டங்களையும் குதிரைப் பண்ணைகளையும் வரைபடத்தில் தனிப் பகுதிகளாகக் குறித்து, அங்கே நிலக்கரிப் படுகை எரிவாயு எடுப்பதைத் தடுத்தார்கள். நிலக்கரிச் சுரங்கத்துக்கு முழுத் தடை இல்லை, கூடுதல் ஆய்வு மட்டுந்தான். உங்களுக்கு அதைவிடப் பயன்படுவது க்ளோஸ்டர் என்ற ஊரின் வழக்கு. 2019 பிப்ரவரியில் நீதிபதி பிரையன் பிரெஸ்டன் அங்கு வரவிருந்த நிலக்கரிச் சுரங்கத்தை மறுத்தார். காலநிலையோடு, அந்தப் பள்ளத்தாக்கின் அழகு கெடுவதையும் ஊர் மக்களின் வாழ்க்கை குலைவதையும் காரணமாக எழுதினார்.

நமக்குச் சுற்றுலா ஊர் என்று காக்கும் சட்டம் கிடையாது. 2020-ன் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரி டெல்டாவுக்கு மட்டும். மலைப் பகுதிகளைக் காக்கும் அரசு அமைப்பான மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உங்கள் வருவாய்க் கிராமம் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் உங்கள் எதிர்ப்புக்குப் பிடி கூடும். காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று யாராவது சொன்னால் நம்பி உட்காராதீர்கள். 2021-ல் வந்த அந்த விதியிலிருந்து 2022 டிசம்பரில் காப்புக்காடுகளை நீக்கிவிட்டார்கள். தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம், யானை வழித்தடம் போன்றவை அதில் நிற்கின்றன.

அனுமதி வந்துவிட்டால் மனம் விட வேண்டாம், ஆனால் நாள் எண்ணத் தொடங்குங்கள். சுற்றுச்சூழல் வழக்குகளைப் பார்க்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. தென்மண்டல அமர்வு சென்னையில். கோவைக்குப் பக்கத்தில் தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளை 2021-ல் மூடினார்கள், ஆனால் அதற்குள் செம்மண் வெட்டிய பள்ளங்கள் யானை போகும் வழியெல்லாம் வாய் பிளந்துவிட்டன. நீதிமன்றத்தால் அந்த மண்ணைத் திருப்பித் தர முடியாது.

அடுத்த கிராம சபையில், தூரக் கணக்கும் புல எண்ணும் சேர்த்துத் தீர்மானம் போடுங்கள். இந்தத் தீர்மானம் மட்டும் குவாரியைத் தடுக்காது, ஆனால் தீர்ப்பாயத்தில் காட்ட ஊரின் வாக்குமூலம் ஆகும். தீர்மானத்தின் நகலைச் செயலாளரிடம் அன்றைக்கே கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள்.